நெட்கோடைச் சரிசெய்யாமல் அடுத்த சீசன் பாஸை விற்காதீர்கள்: எங்கள் சண்டை விளையாட்டை உருவாக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

விளையாட்டின் இயக்குநருக்கும், அதை உருவாக்கிய குழுவினருக்கும், வெளியிடும் நிறுவனத்துக்கும்,

சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். இரண்டாவது சீசன் பாஸில், அதாவது காசு கொடுத்து வாங்கும் கூடுதல் தொகுப்பில், நான்கு புதிய கேரக்டர்கள் வருவதைப் படங்களோடு விரிவாகச் சொல்லியிருந்தீர்கள். அதே அறிவிப்பின் கடைசியில் இரண்டு வரிகள் இருந்தன. கன்சோல் பதிப்பின் நெட்கோடை, அதாவது இரு வீரர்களை இணையம் வழியாக இணைக்கும் ஆன்லைன் முறையை, மாற்றும் திட்டம் இல்லை என்பது முதல் வரி. பயிற்சிக்கான டிரெய்னிங் மோடில் புதிதாக வரப்போகும் ஃபிரேம் கணக்கு (ஒவ்வொரு அடிக்கும் திரையில் எத்தனை ஃபிரேம்கள், அதாவது தனிப் படங்கள், ஆகின்றன என்ற விவரம்) சீசன் பாஸ் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் என்பது அடுத்த வரி. இந்த இரண்டையும் என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் உருவாக்கியிருப்பது நல்ல விளையாட்டு. மோசமானதாக இருந்தால் கன்சோலிலிருந்து அழித்துவிட்டு வேறு எதையாவது விளையாடப் போயிருப்பேன், மடல் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எது நன்றாக இருக்கிறது என்று சொன்னால்தான் எதை இழக்கிறோம் என்று உங்களுக்குப் புரியும். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

அடி விழும் கணத்தில் இரண்டு உருவங்களும் சில ஃபிரேம்கள் அப்படியே உறைந்து நிற்கின்றன. லேசான குத்துக்கு உறைவு சிறியது, பலமான உதைக்குச் சற்று நீளம். கண்ணுக்கு அழகாக இருப்பதற்காக மட்டும் அதை வைத்ததாக நான் நினைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் 'அடி பட்டதா, எதிராளி பிளாக் செய்து தடுத்துவிட்டாரா' என்று பார்த்து, காம்போவை, அதாவது அடுத்தடுத்த தொடர் அடிகளை, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கிறோம். பல விளையாட்டுகளில் இந்த உறைவு அடிக்கு அடி சீராக இருக்காது. நீங்கள் அதை எவ்வளவு பொறுமையாக அளந்திருக்கிறீர்கள் என்பது கன்ட்ரோலரைப் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே கைக்குத் தெரிந்துவிடுகிறது.

கேரக்டர்கள் அதிகம் இல்லை. ஆனால் ஒருவரைப் போல இன்னொருவர் இல்லை. குறிப்பாக, எதிராளியைப் பிடித்துத் தூக்கி எறியும் அந்தக் கிராப்ளர். மெதுவாக நடப்பார், தாவினால் கனமாக விழுவார், தூரத்திலிருந்து எதையும் எறிய மாட்டார். ஆனால் பக்கத்தில் வந்துவிட்டால் எதிரே இருப்பவருக்கு மூச்சு முட்டும். பிளாக் செய்தால் தூக்கி எறிவார், தப்பிக்கத் தாவினால் காற்றிலேயே பிடிப்பார், பயந்து ஒரு பட்டனைத் தட்டினால் அந்தத் தவறுக்காகவே காத்திருப்பார். இப்படி ஒரு கேரக்டரை வலுவாகவும் அதே சமயம் நியாயமாகவும் வைப்பது இந்த வகை விளையாட்டுகளில் எப்போதுமே கஷ்டமான வேலை. நீங்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறீர்கள். தோற்றுக்கொண்டிருப்பவருக்கு ஆட்டத்தையே திருப்பிப் போடும் ஒரு பெரிய அடியைச் சும்மா தூக்கிக் கொடுக்காமல் விட்டதும் சரியான முடிவு. கடைசி ரவுண்டில் ஜெயிப்பவர் பெரும்பாலும் நன்றாக விளையாடியதால்தான் ஜெயிக்கிறார்.

சரி, இவை எல்லாம் ஒரே திரைக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து விளையாடும்போது கிடைப்பவை. ஆன்லைனில் நுழைந்ததும் இந்த விளையாட்டு வேறு ஒன்றாகிவிடுகிறது.

நானும் என் நண்பரும் இதைத் தொடக்கத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் விளையாடினோம். அப்புறம் அவர் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டார். அதன்பின் எங்களுக்கு ஆன்லைன் மட்டும்தான். ஆள் அதே ஆள், கேரக்டர்களும் அதேதான், இருவருக்கும் கம்பி வழி இணைப்பு. ஆனாலும் நேரில் அவர் என்னை ஏமாற்ற முடியாத ஒரு ஓவர்ஹெட் அடி (குனிந்தபடி தடுக்க முடியாமல், எழுந்து நின்றுதான் தடுக்க முடியும் அடி) இப்போது ஒவ்வொரு ரவுண்டிலும் என் மேல் விழுகிறது. அதைப் பார்த்து எழுந்து பிளாக் செய்ய எனக்குத் தெரியும், செய்தும் இருக்கிறேன். இப்போது முடியவில்லை.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். விளையாட்டு வினாடிக்கு 60 ஃபிரேம்கள் ஓடுகிறது, ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 16.7 மில்லிவினாடி. அந்த ஓவர்ஹெட் அடி கிளம்பி மேலே படுவதற்கு 22 ஃபிரேம்கள் ஆகின்றன. கண்ணால் பார்த்து விரல் அசைய மனிதருக்குச் சுமார் கால் வினாடி, அதாவது 15 ஃபிரேம்கள் வேண்டும். மீதி ஏழு. அந்த ஏழில் கன்சோலும் டிவியும் சேர்ந்து நாலைந்தைத் தின்றுவிடும். கையில் மிஞ்சுவது இரண்டோ மூன்றோ. நேரில் விளையாடும்போது அது போதும். உங்கள் ஆன்லைன் முறையோ, எதிராளியின் இன்புட், அதாவது அவர் அழுத்தும் பட்டன், இணையம் வழியாக வந்து சேரும்வரை என் இன்புட்டையும் பிடித்துவைக்கிறது. போய்வர 100 மில்லிவினாடி ஆகும் ஓர் இணைப்பில், ஒரு பக்கப் பயணத்துக்கே மூன்று ஃபிரேம்கள் போய்விடும். மிச்சமிருந்ததும் அதோடு முடிந்தது. நான் சரியான நேரத்தில் சரியான பட்டனை அழுத்துகிறேன், விளையாட்டு அதைத் தாமதமாகக் கேட்டுக்கொள்கிறது.

தாமதம் ஒரே அளவில் நின்றாலாவது அதற்குப் பழகிக்கொள்ளலாம். இணைப்பு ஏறி இறங்கும்போது தாமதமும் ஏறி இறங்குகிறது. ஒரே ஃபிரேமில் அழுத்த வேண்டிய காம்போவின் அடுத்த அடி முதல் ரவுண்டில் ஒரு தாளத்தில் இருக்கிறது, இரண்டாவது ரவுண்டில் இன்னொரு தாளத்தில் இருக்கிறது. டிரெய்னிங் மோடில் விரலுக்குப் பழக்கிய எதுவும் அங்கே செல்லுபடியாவதில்லை.

இன்னும் பெரிய சேதம் ஒன்று உண்டு. நீங்கள் அதைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. தாமதம் எல்லாக் கேரக்டர்களையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. காத்திருந்து, பார்த்து, பதில் அடி கொடுக்கும் கேரக்டர்கள் செத்துவிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு முன்னால் பாயும் வேகமான கேரக்டர்கள் பூதாகரமாகிவிடுகிறார்கள். ரேங்க் பட்டியலின் மேல்வரிசையைப் பாருங்கள், திரும்பத் திரும்ப அதே இரண்டு முகங்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு போன பேட்சில், அதாவது திருத்த அப்டேட்டில், அந்த இருவரின் அடியையும் குறைத்தீர்கள். நேரில் விளையாடுகிறவர்களுக்கு அந்தக் குறைப்பு தேவையே இல்லை, அவர்களை அங்கே பார்த்துத் தடுக்க முடியும். நெட்கோடின் குறையைக் கேரக்டர்களின் குறையாக நினைத்து நீங்கள் விளையாட்டின் நல்ல பகுதியையே செதுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். எனக்கு இதுதான் மிகவும் வேதனையாக இருக்கிறது. பொறுமையாக அளந்து கட்டிய அந்தக் கட்டமைப்பு, ஒவ்வொரு பேட்சிலும் தவறான அளவுகோலுக்கு ஏற்றபடி வளைந்துகொண்டே போகும்.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை. ரோல்பேக் முறை உங்களுக்குத் தெரியாததும் இல்லை. என் இன்புட்டை உடனே ஏற்றுக்கொண்டு, எதிராளி கடைசியாகச் செய்ததையே தொடர்வார் என்று ஊகித்து ஆட்டத்தை நகர்த்துவது, ஊகம் தப்பினால் பழைய ஃபிரேமுக்குத் திரும்பிப் போய்ச் சரியான இன்புட்டோடு மீண்டும் கணக்கிட்டு நடப்புக்கு வந்து சேர்வது, அவ்வளவுதான். டோனி கேனன் இதற்காக உருவாக்கிய ஜிஜிபிஓ என்ற மென்பொருள் 2006 முதல் இருக்கிறது. 2019 இல் அதன் மூல நிரலையே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து விட்டார்கள். கன்சோலில் இது நடக்காது என்று சொல்லவும் வழியில்லை. 2011 இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக் ஆன்லைன் எடிஷன் அந்தக் காலத்துக் கன்சோல்களிலேயே இதைக் கொண்டுவந்தது. 2013 இல் கில்லர் இன்ஸ்டிங்க்ட், 2021 இல் கில்டி கியர் ஸ்ட்ரைவ், 2023 இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்று பட்டியல் நீள்கிறது.

'விளையாட்டு வெளியான பிறகு அடித்தளத்தை மாற்ற முடியாது' என்பது நான் உங்களிடமிருந்து எதிர்பார்க்கும் பதில். அது சுலபமான வேலை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்தின் முழு நிலையையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் சேமிக்க வேண்டும், தேவைப்பட்டால் பின்னால் போய் ஏழெட்டு ஃபிரேம்களை ஒரே ஃபிரேமின் நேரத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அசைவுகளிலும் திரையில் தெறிக்கும் துகள்களிலும் ஆட்டக் கணக்கு கலந்து கிடந்தால் அதைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடு. ஆனால் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2015 இல் வந்த மோர்ட்டல் காம்பேட் எக்ஸ் உங்களுடையதைப் போன்ற தாமத முறையோடுதான் வெளியானது, பிறகு அதையே ரோல்பேக்குக்கு மாற்றினார்கள். 16 மில்லிவினாடிக்குள் எட்டு ஃபிரேம்களை எப்படி ஓட்டினோம் என்று அந்தப் பொறியாளர்களில் ஒருவர், விளையாட்டு உருவாக்குவோர் கூடும் ஜிடிசி மாநாட்டில் 2018 இல் விளக்கமாகவே பேசினார். 2019 இல் வந்த சாமுராய் ஷோடவுனுக்கு 2023 இல் ரோல்பேக் வந்தது. 2018 இல் வந்த டிராகன் பால் ஃபைட்டர்இசட்டுக்கு 2024 இல் வந்தது. ஆறு ஆண்டுகள் கழித்தும் ஒரு விளையாட்டை நம்பி அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். உங்கள் விளையாட்டு அதைவிட இளையது. நான்கு கேரக்டர்களை வரைந்து, அசைத்து, குரல் கொடுத்துச் சோதிக்க ஆளும் நேரமும் உங்களிடம் இருக்கிறது. அந்த உழைப்பை எதில் முதலில் போடுவது என்பதுதான் கேள்வி.

அடுத்து, ஃபிரேம் கணக்கு. ஒரு அடி எத்தனை ஃபிரேமில் கிளம்புகிறது, பிளாக் செய்தால் அடித்தவர் எத்தனை ஃபிரேம் பின்தங்குகிறார் என்பவை சண்டை விளையாட்டின் விதிகள். விதிகளைக் காசு கொடுத்தவருக்கு மட்டும் காட்டுவது எந்த விளையாட்டிலும் நியாயம் ஆகாது. டெக்கென் 7 இல் 2019 இல் ஃபிரேம் காட்டியைத் தனியாக விற்றார்கள். வீரர்கள் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். 2024 இல் வந்த டெக்கென் 8 இல் அது விளையாட்டோடு சேர்ந்தே வந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இல் ஃபிரேம் மீட்டர் டிரெய்னிங் மோடிலேயே எல்லோருக்கும் உண்டு. மற்றவர்கள் கைவிட்ட ஒரு வழக்கத்தை நீங்கள் ஏன் இப்போது எடுத்துக்கொள்கிறீர்கள்?

இதே வகையில் இன்னொரு குறை முதல் சீசனிலிருந்தே இருக்கிறது. காசு கொடுத்து வாங்காத கேரக்டரை டிரெய்னிங் மோடில் எதிராளியாகக்கூட நிறுத்த முடிவதில்லை. முதல் சீசனில் வந்த ஈட்டிக்காரரிடம் மூன்று அடித் தொடர் ஒன்று இருக்கிறது. இரண்டாவது அடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருப்பதாக உள்ளுக்குள் தோன்றுகிறது. அது எவ்வளவு, எந்தக் குத்தால் அதை உடைக்கலாம் என்று சோதித்துப் பார்க்க எனக்கு வழி கிடையாது. அவரிடம் அடி வாங்கி வாங்கித்தான் கற்றுக்கொள்ள வேண்டும், அதுவும் மேலே சொன்ன தாமதத்தோடு. அவரை வைத்து ஆட விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவரை வைத்து ஆட விரும்புகிறவர்கள் வாங்கட்டும். அவருக்கு எதிராகப் பயிற்சி எடுக்கும் உரிமை விளையாட்டை வாங்கியபோதே எங்களுக்கு வந்துவிட்டது.

புதிதாக வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தம்பிக்கு ஆர்வம் வந்து ஆரம்பித்தான். உங்கள் டுடோரியல் அவனுக்கு எல்லாப் பட்டன்களையும் காட்டிக்கொடுத்தது, ஒவ்வொன்றையும் ஒருமுறை அழுத்தச் சொல்லி 'சபாஷ்' போட்டு அனுப்பிவிட்டது. எப்போது பிளாக் செய்வது, எதிராளி தாவுவதை ஏன் எதிர்பார்க்க வேண்டும், கீழே விழுந்து எழும்போது என்னென்ன வழிகள் இருக்கின்றன என்பது எதுவும் அதில் இல்லை. ஆன்லைனுக்குப் போனான், மூலையில் மாட்டிக்கொண்டு அடி வாங்கினான். ஏன் தோற்றோம் என்றே புரியாமல் தோற்பது யாரையும் விரட்டிவிடும். அவனும் விட்டுவிட்டான். கில்லர் இன்ஸ்டிங்க்டின் டோஜோ 2013 லேயே ஃபிரேம் கணக்குவரைக்கும் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தது. டெக்கென் 8 இல் தோற்ற ஆட்டத்தின் பதிவை ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி, அந்த இடத்திலிருந்து நாமே ஆடிப் பார்க்கலாம். உங்கள் பதிவு வசதியில் பார்க்க மட்டுமே முடிகிறது.

தனியாக விளையாடுகிறவர்களுக்கு நீங்கள் கொடுத்திருப்பதும் போதாது. 2016 இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 ஆர்கேட் மோட் (கம்ப்யூட்டரை எதிர்த்து வரிசையாக ஆடும் முறை) இல்லாமல் வெளியாகி வாங்கிக்கட்டிக்கொண்டது, அதைச் சேர்க்க 2018 ஜனவரி ஆயிற்று. அந்த அனுபவம் கண்ணெதிரே இருந்தும் உங்கள் ஆர்கேட் மோட் ஒவ்வொரு கேரக்டருக்கும் இரண்டு அசையாப் படங்களோடு முடிந்துவிடுகிறது. அதுகூடப் பரவாயில்லை. சர்வர் பராமரிப்பு நடக்கும் நேரத்தில் அந்த மோடுக்குள்ளேயே போக முடியாமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. சர்வர் ஒருநாள் நிரந்தரமாக நின்றுபோனால் வட்டு வாங்கியவர் கையில் என்ன மிஞ்சும்?

கன்ட்ரோல் பற்றிச் சுருக்கமாக. எளிய கன்ட்ரோல் முறையை நீங்கள் வைத்தது நல்லது, அதைப் பழைய வீரர்கள் கிண்டல் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரே பட்டனில் வரும் சிறப்பு அடிக்கும் ஸ்டிக்கில் முழு அசைவு போட்டு வரும் அடிக்கும் ஒரே சேதம் இருப்பது சரியில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இல் மாடர்ன் என்ற எளிய முறையில் குறுக்குவழியாக வரும் சிறப்பு அடிக்கு 20 சதவீதம் சேதம் குறைவு, அது இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கிறது. பட்டன்களை முழுசாக மாற்றியமைக்க விடாததும், எதிராளியின் தூரத்தை ஒலியால் உணர்த்தும் வசதி இல்லாததும், கண் பார்வையோ கை அசைவோ மட்டுப்பட்டவர்களைக் கதவிலேயே நிறுத்திவிடுகின்றன.

இனி எங்கள் கோரிக்கைகள்.

கன்சோல் பதிப்பில் ரோல்பேக் நெட்கோடைக் கொண்டுவரும் முடிவை, இரண்டாவது சீசன் பாஸ் விற்பனைக்கு வருவதற்கு முன்பே அறிவியுங்கள். எல்லாம் முடித்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று கேட்கவில்லை. செய்வீர்களா, எந்தெந்தக் கன்சோல்களில், முதல் பொதுச் சோதனை எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். சோதனைக்கு ஆட்கள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம். புதிய கேரக்டர்கள் அதனால் தள்ளிப்போனால் காத்திருக்கவும் தயார். அதுவரை ஆன்லைன் வெற்றிக் கணக்கை மட்டும் வைத்துக் கேரக்டர்களின் சேதத்தையும் வேகத்தையும் மாற்றுவதை நிறுத்திவையுங்கள். ஆட்டத்தை ஏற்கும் முன்னரே எதிராளி கம்பியில் இருக்கிறாரா வைஃபையில் இருக்கிறாரா, தாமதம் எத்தனை ஃபிரேம் என்று திரையில் காட்டுங்கள், மறுப்பவருக்கு ரேங்க் புள்ளி குறையக் கூடாது.

ஃபிரேம் கணக்கை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடுங்கள். விற்பனைக்கு உள்ள எல்லாக் கேரக்டர்களையும் டிரெய்னிங் மோடில் எதிராளியாக நிறுத்த அனுமதியுங்கள். பதிவை நடுவில் நிறுத்தி நாமே ஆடிப் பார்க்கும் வசதியையும், தற்காப்பைச் சொல்லிக்கொடுக்கும் பாடங்களையும் சேருங்கள். பட்டன் மாற்றத்தையும் ஒலி வசதிகளையும் அடுத்த அப்டேட்டிலேயே தொடங்குங்கள். ஆர்கேட் மோடும் இருவர் நேரில் ஆடும் மோடும் சர்வர் இல்லாமலே இயங்க வேண்டும்.

இவற்றில் எதைச் செய்ய முடியாது என்றாலும் அதை மறைக்க வேண்டாம். அடுத்த பேட்ச் குறிப்போடு சேர்த்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆம் அல்லது இல்லை என்ற பதிலைக் காரணத்தோடு எழுதி வெளியிடுங்கள். பதில் வரும்வரை நான் சீசன் பாஸை வாங்கப் போவதில்லை.

இப்படிக்கு,
முதல் நாளிலிருந்து உங்கள் விளையாட்டை விளையாடிவரும் ஒருவன்